முதல் கோலுக்கு ஒரு கிரைண்டர்

மைக் செட் தொழிலில் ஒரே ஒரு சூட்சுமம்தான் உண்டு: நல்ல சேதியோ கெட்ட சேதியோ, சொல்லுகிற குரல் மட்டும் மாறக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி என்று இருபது வருஷமாக இந்தக் குரலை விற்றுத்தான் பிழைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதைச் சும்மா கொடுத்துவிடுவது வழக்கம். எங்கள் ஊர் கால்பந்து டீமுக்கு.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு டீம் இருக்கும். "இனிமேல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்" என்று சனிக்கிழமை சத்தியம் செய்துவிட்டு, ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோல் போஸ்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்தானே நீங்களும்? ஆகவே நம் கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விவரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊர் பெரியநாயக்கன்பாளையம். எட்டு ஊர் டீம்கள் சேர்ந்து நடத்துகிற லீக். ஒவ்வொரு டீமும் மற்ற ஏழு டீமோடும் ஒருமுறை ஆடும். எல்லா ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான். சொந்த மண்ணில், சொந்த மைக்கில், சொந்தக்காரர்கள் முன்னால் தோற்கிற பாக்கியம் எங்களுக்கு மட்டுமே வாய்த்தது.

கடைசி இடத்துக்கு வருகிற டீமுக்கு அடுத்த வருஷம் லீக்கில் இடம் கிடையாது. அந்த இடத்துக்கு வேறு ஊர்கள் வரிசையில் நிற்கின்றன. போன வருஷம் நாங்கள் ஏழாவது. இந்த வருஷம் எட்டாவதாகிவிட்டால் டீம் அவ்வளவுதான். டீம் போனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. வீட்டில் இருந்தால் பரணைச் சுத்தம் செய்யச் சொல்லுவாள் என் மனைவி. சிரிக்காதீர்கள். உண்மையாகவே பயந்துபோய்த்தான் இருந்தேன்.

மேஜைக்கு வந்த விருந்தாளி

டீமின் தலைவர் நாச்சிமுத்து அண்ணன் சின்னதாக ஒரு கிரைண்டர் பட்டறை வைத்திருக்கிறார். முதல் ஆட்டத்தன்று காலையில் புத்தம்புது டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து, என் மைக் மேஜையில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த சீசனில் நம் டீமுக்கு முதல் கோல் போடுகிறவருக்கு அது பரிசு. சும்மா இருப்பேனா? சீர்வரிசைத் தட்டை வர்ணிக்கிற குரலில், கல் எத்தனை, மோட்டார் எப்படி, எத்தனை பேருக்கு மாவு ஆட்டலாம் என்று பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன். ஆட்டம் தொடங்கினதைக்கூடச் சொல்ல மறந்துபோனேன். அதற்குள் எதிர் டீம் ஒரு கோல் போட்டுவிட்டது.

எங்கள் முன்னணி ஆட்டக்காரர் செந்தில், பம்ப் செட் கம்பெனியில் ஃபிட்டர். செந்திலின் மாமியார் சரஸ்வதியக்கா ஒரு ஆட்டத்தையும் தவறவிட மாட்டார். ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, உரித்துக்கொண்டே பார்ப்பார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தால் அது வெங்காயத்தாலா ஆட்டத்தாலா என்று யாருக்கும் தெரியாது. அவர் வீட்டுக் கிரைண்டர் ஒரு மாசமாக ஓடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். மேஜைக்கு வந்து, பெட்டியின் மூடியை லேசாகத் தூக்கி, விரலால் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கல்லு நல்லாத்தானுங் தம்பி இருக்குது. அட்டைப்பொட்டியைக் கிழிச்சுப்போடாதீங்க. மாப்பிள்ளை பொழுதோட ஊட்டுக்குக் கொண்டாந்துருவாரு."

வாழைப்பழத்தில் ஊசி

பொழுதும் போனது, நான்கு கோலும் போனது. நான்கும் எங்கள் வலைக்குள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தால் வார்த்தை தடிக்காது, மரியாதை கூடிவிடும். மற்ற ஊரில் கல்லெறிகிற இடத்தில் எங்கள் ஆட்கள் 'ங்க' எறிவார்கள். "ஏனுங் எட்டாம் நெம்பரு, பந்து உங்க காலுக்குக் கீழதானுங்க கெடக்குது, சித்தெ குனிஞ்சு பாருங்க." "கோல் கீப்பருங்களா, உங்களுக்கு எடஞ்சலா இருந்தா அந்தக் கம்பத்தைப் புடுங்கிப்போடலாமுங்களா?" எல்லாம் இந்த ரகம்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற வித்தை எங்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்றைய ரெஃப்ரி சென்னைக்காரர், வேலை மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இடைவேளையில் என்னிடம் வந்து, "என்ன சார் உங்க ஊர் ஜனங்க, தோத்துக்கினு இருக்கும்போதும் வாங்க போங்கன்னு பேசுறாங்க!" என்று உருகிவிட்டார். நானும் பெருமையாகத் தலையாட்டி வைத்தேன். அவருக்கு டீ கொடுக்க வந்த பேக்கரி ரங்கசாமி, கிளாஸை இரண்டு கையாலும் நீட்டிச் சொன்னார்: "நீங்க நெம்ப நல்லவருங்க. கண்ணு தெரியாட்டியும் லீவு நாளை உட்டுப்போட்டு எங்களுக்கோசரம் வந்திருக்கறீங்களே, அதுவே பெருசுங்க."

ரெஃப்ரி நன்றி சொல்லி டீயைக் குடித்தார்.

பன் வந்த கதை

இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கினோம். இதில் என் பங்கு என்னவென்று கேட்டால், கோல் விழுந்தால் கத்துவது இருபது வருஷப் பழக்கம். "கோல்! கோல்! அற்புதமான கோல்!" என்று கத்திவிட்டு, யாருக்கு என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன். பொய் சொல்லவில்லை பாருங்கள். பாதி உண்மையைச் சத்தமாகச் சொல்லி, மீதியை முழுங்கிவிட்டேன். மானம் காக்க வேறு என்ன வழி?

வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் வழியாக என் குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் போகும். அன்றைக்குக் கடையை விட்டு வர முடியாத பேக்கரி ரங்கசாமி, ஐந்து தடவை "அற்புதமான கோல்" கேட்டதும் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையத் தேங்காய் பன்னும், மாலை ஒன்றும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். மாலையோடு செந்திலை நெருங்கும்போதுதான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரஸ்வதியக்கா முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். ரங்கசாமி மாலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்: "கொண்டாந்த பன்னைத் திருப்பி எடுத்துட்டுப் போக மாட்டனுங்க, தின்னுங்க. ஆனா அடுத்த வாரமாச்சும் கோல் யாருக்குன்னு மொதல்ல சொல்லிப்போட்டு அப்பறம் கத்துங்க."

பூசை நீண்ட ஞாயிறு

எங்கள் கோல் கீப்பர் ஆரோக்கியராஜ் ஞாயிறு காலைப் பூசையை முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வருவார். மூன்றாவது ஆட்டத்தன்று மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை கொடுக்கிற நாள். பூசை நீண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் பின்வரிசை ஆள் ஒருவரைக் கையுறை மாட்டிக் கோலில் நிறுத்தினோம். அவர் பயத்தில் இரண்டு கையையும் விரித்தபடி அசையாமல் நின்றார். இருபத்தைந்து நிமிஷம் ஒரு பந்தும் உள்ளே போகவில்லை. நான் மைக்கில், "இதோ வந்துகொண்டிருக்கிறார் நம் ஆரோக்கியராஜ், எதிரணியினரே எச்சரிக்கை" என்று மூன்று தடவை சொன்னேன். ஆழம் தெரியாமல் காலை விடுவது எனக்குப் புதிதில்லை.

ஆரோக்கியராஜ் வந்தார், சட்டையை மாற்றினார், கையுறையை வாங்கி மாட்டினார். அடுத்த பத்து நிமிஷத்தில் மூன்று கோல். பூசையை முடித்துவிட்டு, எப்படி ஆடுகிறார்கள் பார்க்கலாமே என்று ஸ்கூட்டரில் வந்து நின்ற ஃபாதர், மூன்றையும் பார்த்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் ஆரோக்கியராஜின் தோளில் கைபோட்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த ஞாயிறு பிரசங்கத்தை ஒரு மணி நேரத்துக்கு இழுக்கட்டுமா ஆரோக்கியம்? ஊருக்கு நல்லதுன்னா நான் தயார்."

சந்தகை வியூகம்

நான்காவது ஆட்டம் காங்கேயத்தோடு. அந்த ஊர் ஆட்கள் காளை மாதிரி ஓடுவார்கள் என்று பேச்சு. நாச்சிமுத்து அண்ணன் பட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு எங்களுக்கு ஒரு திட்டம் சொன்னார். ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுக்கு விருந்து. எங்கள் பக்கத்து இடியாப்பமான சந்தகையும் தேங்காய்ப்பாலும், கூடவே கோழிக் குழம்பும். வயிறு முட்டத் தின்றவன் எப்படி ஓடுவான்? திட்டம் எனக்கும் பிடித்திருந்தது. பரிமாறும்போது, "இன்னும் ரெண்டு வைங்க, கூச்சப்படறாரு பாருங்க" என்று மைக்கில் சொல்லுகிற பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இலை போட்டு அவர்களை உட்கார வைத்தபோதுதான் சிக்கல். வந்தவர்களைத் தனியாகச் சாப்பிட விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம் இல்லை. காங்கேயத்துக் கேப்டன், "நீங்களும் உக்காருங்க" என்றார். எங்கள் கேப்டன் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராகப் பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் அளவாகச் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். எங்கள் ஆட்கள், விருந்தாளி வெட்கப்படக் கூடாது என்று மூன்றாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவர் கோல் போஸ்டில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டார். ஆறு கோல். பிள்ளையார் பிடிக்கப் போய்த் திட்டம் குரங்கானது எதனால் என்று நாச்சிமுத்து அண்ணனைக் கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்காமல் சொன்னார்: "பந்தியில அவிங்களை ஒண்டியா உக்கார வெக்க முடியுமுங்களா? தோத்தா ஒரு நாளைக்குத்தானுங்க பேச்சு, மரியாதை போச்சுன்னா சொந்தபந்தம், ஒறம்பரையில தலை காட்ட முடியாது."

முந்திக்கொண்ட மேளம்

இதைச் சொல்லாமல் விட்டுவிடத்தான் ஆசை. ஆனால் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ஐந்தாவது ஆட்டம் மேட்டுப்பாளையம் டீமோடு. அவர்களும் எங்களைப் போலவே ஒரு புள்ளிகூட இல்லாதவர்கள். அன்று ஜெயிக்கிறவன் தப்பித்தான். கடைசி நிமிஷங்களில் இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் இருந்தபோது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. செந்தில் பந்தை வைத்தார். சரஸ்வதியக்கா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கிரைண்டர் பெட்டியின் மேல் இருந்த தூசியை நாச்சிமுத்து அண்ணன் துண்டால் தட்டினார்.

சின்னக் கல்யாணங்களில் மேளக்காரர் இருக்க மாட்டார். என் பென் டிரைவில் இருக்கிற கெட்டிமேளம்தான். மேடையில் ஒரு கை உயர்ந்தால் என் கை பொத்தானை அழுத்தும். யோசித்து அழுத்துவதில்லை, இருபது வருஷமாக அது தானாக நடக்கிறது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்து, கையை உயர்த்தினார். என் விரல் அழுத்திவிட்டது. நான்கு கூம்பு ஸ்பீக்கரிலும் கெட்டிமேளம் பொழிந்தது. ஓடிவந்துகொண்டிருந்த செந்தில் அரண்டுபோய்க் காலைத் தவறாக வைத்தார். பந்து போஸ்டுக்கு மேலே, அதற்கும் மேலே, பக்கத்துத் தோப்புத் தென்னைமரத்தின் மட்டைக்குள் போய் உட்கார்ந்தது. மறுபடி அடிக்க ரெஃப்ரி அனுமதிக்கவில்லை. மேளம் போட்டது எதிரணி இல்லையே!

ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். இரண்டு டீமுக்கும் தலா ஒரு புள்ளி. நான் மேஜைக்குக் கீழே வயரைத் தேடுகிற சாக்கில் குனிந்தேன். நிமிர்ந்தால் எதிரே சரஸ்வதியக்கா. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "எம்பட மக கல்யாணத்துக்கும் நீங்கதானுங்களே தம்பி மைக் செட்டு? அன்னைக்கும் இப்படித்தானுங்க, தாலியை எடுக்கறதுக்கு முந்தியே மேளத்தைப் போட்டுப்போட்டீங்க."

ஒரு சீப்புக் கதலி

அடுத்த சனிக்கிழமை நாச்சிமுத்து அண்ணன் ஒரு சீப்புக் கதலிப்பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்த இதைவிடக் கடுமையான முறை கிடையாது. "தொண்டை கட்டுனாப்புல இருக்குதுங்க உங்களுக்கு. நாளைக்கு ஒரு வாரம் ஓய்வெடுத்துக்குங்க" என்றார். என் தொண்டை வெண்கல மணி மாதிரி இருந்தது. இருந்தாலும் இரண்டு தடவை இருமிக் காட்டினேன். அவர் போன பிறகு என் மனைவி பரணுக்கு ஏணி வைத்தாள். பெனால்டி தப்பியதற்கு அழாதவன், பழைய பித்தளை அண்டாவைத் துடைக்கும்போது அழுதேன்.

ஞாயிறன்று மனசு கேட்கவில்லை. மைக் இல்லாமல், வெறுங்கையோடு போய்க் கடைசியில் நின்றேன். ஆறாவது ஆட்டம் சத்தமே இல்லாமல் நடந்தது. கோல் விழுந்தால் வலை உரசுகிற சத்தம் கேட்டது. வெங்காயத் தோல் முறத்தில் விழுகிற சத்தம்கூடக் கேட்டது என்று சொல்லலாம். மூன்று கோல் வாங்கித் தோற்றோம். திட்டுகிறவர்கள்கூடத் திட்டவில்லை. கூட்டம் கலையும்போது சரஸ்வதியக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "அடுத்த வாரம் மைக்கைக் கொண்டாந்துருங்க தம்பி. தோக்கறதுதான் தோக்கறோம், உங்க சத்தத்தோட தோத்தாத்தானுங்க ஊட்டுக்குப் போயி சோறு எறங்குது."

நமக்கு

கடைசி ஆட்டம் வால்பாறையோடு. தேயிலை எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்களின் டீம். விடிவதற்கு முன் முதல் பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கி வருகிறார்கள் என்பதால், ஆட்டத்தை மதியம் இரண்டு மணிக்கு மாற்றியிருந்தோம். முடிந்ததும் ஓடிப்போய் மலைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆகவே பைகளையெல்லாம் தங்கள் கோல் போஸ்டுக்குப் பின்னாலேயே குவித்து வைத்திருந்தார்கள். மேட்டுப்பாளையம் தன் ஏழு ஆட்டத்தையும் ஒரே ஒரு புள்ளியோடு முடித்துவிட்டது. எங்களுக்கும் ஒன்று. இந்த ஆட்டத்தைச் சமன் செய்துவிட்டாலே போதும், லீக்கில் இருப்போம். முதல் பாதியிலேயே வால்பாறை ஒரு கோல் போட்டுவிட்டது. யாருக்கு என்று முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கத்தினேன்.

இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தபோது செந்தில் வலது ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தூக்கினார். தூக்கினார் என்பது என் வர்ணனை. காலில் பட்டு எழும்பியது, அவ்வளவுதான். அவர்களுடைய பின்வரிசை ஆட்டக்காரர் தங்கராசு, ஆறடி ஆள், பதற்றமே இல்லாமல் பந்தைத் தலையால் தட்டித் தன் கோல் கீப்பருக்கே திருப்பிக் கொடுத்தார். கீப்பர் அங்கே இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று பின்னால் திரும்பி, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். பந்து இரண்டு குதி குதித்து வலைக்குள் போனது.

 எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.  ரெஃப்ரி நடுவட்டத்தைக் காட்டட்டும், நோட்டை எடுத்து எழுதட்டும் என்று காத்திருந்தேன். மேளத்தை முந்த விட்டவனுக்கு வேறு புத்தி வருமா? ரெஃப்ரி எழுதினார். "நமக்கு" என்றேன்.  நமக்கு, நமக்கு என்று மூன்று தடவை சொன்னேன், குரல் உடைந்துவிட்டது. இருபது வருஷத் தொழில் ரகசியம் அந்த இடத்தில் போனது. மேளத்துப் பொத்தானைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சரஸ்வதியக்கா மேஜைக்கு வந்து, வெங்காயக் கையால் அவரே அழுத்தினார். "இப்பப் போடோணுமுங்க தம்பி, மேளத்தை. இதுதானுங்க நேரம்."

கிரைண்டர் மலை ஏறியது

ஒன்றுக்கு ஒன்று. தப்பித்தோம். ரங்கசாமி பழைய மாலைக்குப் பதில் புது மாலையோடு வந்து, யாருக்குப் போடுவது என்று தெரியாமல் ரெஃப்ரிக்குப் போட்டார். எல்லாரும் கிரைண்டரைச் சுற்றி நின்றார்கள். செந்தில் பந்தைத் தூக்கினார், ஆகவே செந்திலுக்குத்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். செந்தில் தலையைச் சொறிந்தார். "நான் அடிக்கலீங்ணா. அவருதான் அடிச்சாரு" என்று கையைக் காட்டினார். அங்கே தங்கராசு தன் பையின் மேல் தனியாக உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்திருந்தார். அவர் டீமில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. ஏழு வாரமாக மைக்கில் நான் சொன்னது, நம் டீமுக்கு முதல் கோல் போடுகிறவருக்கு என்றுதான். யாருடைய ஆள் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

முடிவைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. எல்லாரும் சரஸ்வதியக்காவைப் பார்த்தோம். அவர் மூடியைத் தூக்கி, கல்லைக் கடைசியாக ஒருமுறை தட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு செந்திலைத் தூக்கச் சொல்லி, தானே முன்னால் நடந்தார். தங்கராசு பெட்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். கண் சிவந்திருந்தது. "கேலி பண்ணாதீங்கம்மா" என்றார். "கேலி இல்லீங் கண்ணு. இந்த வருசம் எங்கூருக்குன்னு ஒருத்தரு கோல் போட்டிருக்கறாரு. அவரை வெறுங்கையோட அனுப்புனா எங்களுக்கு மருவாதை இல்லீங்க" என்றார் சரஸ்வதியக்கா. முதலில் அவர்கள் கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கீப்பருக்கு. பிறகு தங்கராசுக்கே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினார்கள். எங்கள் ஊரே பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் வழியனுப்பியது. எதிர் டீமுக்காக நான் மனசாரக் கையாட்டியது அன்றைக்குத்தான்.

மறுநாள் தங்கராசு போன் செய்தார். "நாப்பது கொண்டை ஊசி வளைவும் மடியிலயே வச்சுக்கிட்டு வந்துட்டேண்ணே. இப்ப எங்க எஸ்டேட் லயன் வீடுகள்ல எல்லாருக்கும் மாவு எங்க வீட்லதான். ஆனா சுவிட்சைப் போடுறப்பல்லாம் எங்கம்மா கேக்குது, 'இதாவது சரியான பக்கம் சுத்துதா பார்றா'ன்னு."

அடுத்த சீசனின் முதல் கோலுக்கும் நாச்சிமுத்து அண்ணன் ஒரு கிரைண்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பயிற்சி என்றைக்கு ஆரம்பம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, வால்பாறை டீம் என்றைக்கு வருகிறது என்றுதான் சரஸ்வதியக்கா முதற்கொண்டு எல்லாரும் கேட்கிறார்கள்.